கடல் விளைவுக்கும் ஓர் அடங்கல்
(சூரை முதலிய மீன்களின் பிடிப்புக் கணக்கு)

எந்தச் சர்வே எண்ணில், எவ்வளவு விஸ்தீரணத்தில், என்ன பயிர் நிற்கின்றது என்பது கிராமத்து அடங்கலில் பசலிதோறும் பதியப்படுகின்றது. முன்னாளில் இதைக் கர்ணம் எழுதினார். 1980-ம் வருஷத்தில் பழைய கிராம உத்தியோகங்கள் நீக்கப்பட்ட பின் கிராம நிர்வாக அலுவலர் எழுதி வருகின்றார். பயிரின் கண்டுமுதலை அறியவோ அறுவடைப் பரிசோதனை இருக்கின்றது. இவ்விரண்டு கணக்குகளையும் ஆதாரமாகக் கொண்டே தானியக் கையிருப்பும், வறட்சி நிவாரணமும், பயிர்க் காப்பீட்டுத் தொகையும் நிர்ணயிக்கப்படுகின்றன.

கடலுக்குச் சர்வே எண் இல்லை; வரப்பும் இல்லை. நிற்கும் பயிரைக் கண்ணாற் பார்த்து மதிப்பிடுவதுபோல், நீருக்குள் உள்ள மீனை எவரும் பார்த்து மதிப்பிட இயலாது. விதைத்தவரும் ஒருவரில்லை. அறுப்பவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள். ஆதலால் கடலில் எவ்வளவு மீன் மிஞ்சியிருக்கின்றது என்பதை, கரைக்கு வந்த மீனைக் கொண்டே பெரும்பாலும் ஊகித்தறிய வேண்டியிருக்கின்றது. நெல்லுக்குக் களம் எப்படியோ, மீனுக்கு இறங்குதுறை அப்படி. அங்கே எழுதப்படும் கணக்குத் தவறாயின், அதற்குப் பின் எவ்வளவு கற்றறிந்தவர் எத்தனை சூத்திரங்களைக் கொண்டு கணக்கிட்டாலும் முடிவு தவறாகவே இருக்கும். கடற்கரைத் தாலுகாக்களில் உள்ள நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தை அறிந்திருத்தல் அவசியமாதலால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

சூரைக்கு எல்லை இல்லை

சூரை இனத்து மீன்கள் ஓரிடத்தில் தங்குவனவல்ல. மஞ்சள் துடுப்புச் சூரையும், பெருங்கண் சூரையும், வயிற்றில் கோடுகளையுடைய வரிச் சூரையும் இந்து மகா சமுத்திரத்தில் நெடுந்தூரம் சஞ்சரிக்கின்றன. ஆப்பிரிக்கக் கரையை அடுத்த கடலில் வளர்ந்த மீன் மாலத்தீவுக் கடலிலோ அரபிக் கடலிலோ அகப்படக்கூடும். ஒரு தேசத்தார் மட்டும் கட்டுப்பாடாயிருந்து பயனில்லை. இதுபற்றி ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆதரவில் 1993-ம் வருஷத்தில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டு, 1996-ல் அமுலுக்கு வந்தது. அதன்படி அமைந்ததே இந்து மகா சமுத்திரச் சூரை ஆணைக்குழு. இதன் தலைமையிடம் சீஷெல்ஸ் தீவின் விக்டோரியா நகரம். இந்தியாவும் இதில் ஓர் அங்கத்தினர். சூரைகளோடு, நம்மவர் வஞ்சிரம் என்றும் நெய்மீன் என்றும் அழைக்கும் மீனும், மயில்மீனும் உள்ளிட்ட 16 இனங்கள் இவ்வாணைக்குழுவின் பார்வையில் உள்ளன.

மற்றச் சமுத்திரங்களில் சூரையின் பெரும்பகுதியைப் பிடிப்பவை பெரிய கம்பெனிக் கப்பல்கள். அவை நாட்குறிப்பு எழுதுகின்றன, துறைமுகங்களும் சிலவே. இந்து மகா சமுத்திரத்திலோ ஏறக்குறையப் பாதிப் பிடிப்பு சிறு படகுகளாலும் கரையோர மீனவர்களாலும் கிடைப்பது. செவுள் வலை, தூண்டில், ஆயிரங்கால் தூண்டில் முதலியவற்றோடு செல்லும் இப்படகுகள் எண்ணிறந்த ஊர்களில் கரையேறுகின்றன. ஆகவே இச்சமுத்திரத்தின் கணக்கு ஒரு தலைமை அலுவலகத்தில் உண்டாவதன்று. கடற்கரைக் கிராமங்களில் உண்டாவதாகும்.

மொத்தப் பிடிப்பு மட்டும் போதாது

இவ்வருஷம் இத்தனை டன் மீன் இறங்கிற்று என்று எழுதினால் கணக்கு முடிந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். ஒரு துறையில் முதல் வருஷம் 10 படகுகள் ஒவ்வொன்றும் 100 தடவை கடலுக்குச் சென்று, மொத்தம் 500 டன் மீன் கொண்டுவந்தன என்று வைத்துக்கொள்வோம். தடவை ஒன்றுக்கு 500 கிலோ ஆகின்றது. ஐந்து வருஷங்களுக்குப் பின் படகுகள் 20 ஆகி, ஒவ்வொன்றும் 120 தடவை சென்று, 600 டன் கொண்டுவந்தன என்போம். மொத்தத்தைப் பார்ப்பவர் விளைவு பெருகிற்றென்று மகிழ்வார். ஆனால் தடவைகள் 2,400. தடவை ஒன்றுக்குக் கிடைத்தது 250 கிலோவே. தடவை ஒன்றுக்குப் படகுக்காரரின் வரும்படி பாதியாயிற்று. கடலில் மீன் குறைந்து வருகின்றதோ என்னும் சந்தேகத்திற்கும் இடமேற்பட்டது.

இரட்டிப்பு ஏக்கரில் பயிரிட்டு அதே அம்பாரத்தை அறுத்தவர் தம் நிலம் செழித்ததென்று சொல்லமாட்டார். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றே கேட்பார். கடலில் ஏக்கரின் ஸ்தானத்தில் நிற்பது முயற்சி. அதாவது எத்தனை படகு, எத்தனை நாள், எத்தனை தூண்டில் முள், எவ்வளவு நீள வலை என்பது. பிடிப்போடு முயற்சியையும் எழுதினாலன்றிக் கணக்குக்குப் பொருளில்லை. மீனின்றி வெறும் படகாகத் திரும்பிய தடவையையும் பூஜ்யம் என்று எழுதியே தீர வேண்டும். பூஜ்யங்களை விட்டுவிட்டால் சராசரி பொய்யாக உயர்ந்துவிடும்.

கருவிகளின் மாறுதலையும் குறிக்க வேண்டும். மீன் கூட்டத்தைக் காட்டும் எதிரொலிக் கருவியும், இடங்காட்டும் கருவியும், அதிகக் குதிரைச் சக்தியுள்ள இயந்திரமும் வந்த பின் ஒரு நாள் முயற்சி என்பது பழைய ஒரு நாளுக்குச் சமானமன்று. கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குள்ள தடைக்காலம் முடிந்ததும் முதல் சில நாட்களில் கிடைக்கும் மிகுந்த பிடிப்பைக் கொண்டு வருஷம் முழுவதையும் மதிப்பிடுவதும் பிசகு.

அறுவடைப் பரிசோதனையே கடலுக்கும் சென்றது

ஒவ்வொரு படகையும் நிறுத்தி எடை போட யாராலும் ஆகாது. எல்லா வயல்களையும் அறுத்து நிறுக்கவும் ஆகாதன்றோ? நெல் வயலில் பெரும்பாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து அறுத்து, அதிலிருந்து முழு விளைவையும் மதிப்பிடுகின்றோம். 1920-களில் ஹப்பக் என்பார் பீகார், ஒரிஸ்ஸாப் பகுதிகளில் நெல்லுக்கு இவ்வாறு செய்து காட்டினார். பின்னர் மகலனோபிஸ், சுகாத்மே ஆகியோர் இம்முறையை விரிவாக்கினர். அதே சுகாத்மே, பான்சே, சாஸ்திரி ஆகிய இருவரோடு சேர்ந்து, இந்தியாவில் கடல் மீன் பிடிப்பை மாதிரி முறையால் மதிப்பிடும் விதத்தைப் பற்றி 1958-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். ஆகவே இம்முறை நம் விவசாயிகளுக்கு அந்நியமானதன்று. வயலிலிருந்து கடற்கரைக்குச் சென்றதே.

1947-ம் வருஷத்தில் விவசாய இலாகாவின் கீழ் ஏற்படுத்தப்பட்டு, மண்டபத்தில் நெடுநாள் இருந்து, 1971 முதல் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இவ்வகை மாதிரிக் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றது. கடற்கரையைப் பகுதிகளாகவும், மாதத்தைப் பத்துப் பத்து நாட்களாகவும் வகுத்து, துறைகளையும் நாட்களையும் தற்செயலாகத் தேர்கின்றனர். தேர்ந்த துறையில் ஒரு நாள் பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரையிலும், மறுநாள் காலை 6 மணி முதல் 12 மணி வரையிலும் கணக்கெடுப்பவர் நின்று பார்க்கின்றார். இடையில் இரவில் இறங்கியதை விசாரித்துக் குறிக்கின்றார்.

படகுகளைத் தேர்வதற்கும் விதி உண்டு. வந்த படகுகள் 15-க்கு மேற்படாவிடில் எல்லாவற்றையும் பார்ப்பது. 20 முதல் 29 வரையானால் இரண்டுக்கு ஒன்று. 30 முதல் 39 வரையானால் மூன்றுக்கு ஒன்று. 40 முதல் 49 வரையானால் நாலுக்கு ஒன்று. இவ்வாறு 40 படகுகள் வந்த நாளில் 10 படகுகளைப் பார்த்து, சராசரி 150 கிலோ என்று கண்டால், அந்நாளைய பிடிப்பு 6,000 கிலோவாகும். கூடை கூடையாக இறக்கும்போது ஒரு கூடையை இனவாரியாகப் பிரித்து நிறுத்துக் கூடைகளின் எண்ணால் பெருக்குவர். பார்க்கும் படகு முறைப்படி வந்த படகாக இருக்க வேண்டுமே தவிர, கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றிய படகாக இருத்தல் கூடாது. வரப்போரத்துச் செழித்த கதிரை மட்டும் அறுத்து ஏக்கர் விளைவைச் சொல்வதற்கு அது ஒப்பாகும்.

எடையோடு அளவும் இனமும்

நூறு கிலோ சூரை என்று எழுதுவதில் ஒரு குறை உண்டு. அது இரண்டு பெரிய மீன்களாகவும் இருக்கலாம். ஐம்பது குஞ்சுகளாகவும் இருக்கலாம். மஞ்சள் துடுப்புச் சூரை சுமார் 1 மீட்டர் நீளம் வளர்ந்த பின்னரே பெரும்பாலும் சினைப்பருவம் எய்துகின்றது. வரிச் சூரைக்கோ சுமார் 40 சென்டிமீட்டர் போதும். இறங்கும் மீனின் நீளம் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருமாயின், விதைநெல்லையே குத்தித் தின்கின்றோம் என்பது அதனால் வெளியாகும். ஆகையால் சில மீன்களையேனும் மூக்கு நுனி முதல் வால் பிளவு வரை அளந்து எழுதுதல் அவசியம். 2015-ம் வருஷத்துத் தீர்மானம் ஒன்றில், டன் ஒன்றுக்கு ஒரு மீனையேனும் அளக்க வேண்டுமென்று மேற்படி ஆணைக்குழு விதித்தது.

இனத்தைப் பிரிப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். மஞ்சள் துடுப்புச் சூரையின் குஞ்சுகளும் பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் உருவத்தில் மிகவும் ஒத்திருப்பவை. மிதக்கும் கட்டைகளின் கீழ் இவை வரிச் சூரையோடு கலந்து திரிகின்றன. எல்லாவற்றையும் ‘சூரை’ என்று ஒரே பத்தியில் எழுதினால், பெருகியுள்ள இனத்தின் நிழலில் நலியும் இனம் மறைந்துவிடும்.

பொய்க் கணக்கின் பலன்

கணக்கைத் தவறாகப் புரிந்துகொள்வதால் விளைந்த தீங்குக்குக் கனடா தேசத்து நியூபவுண்ட்லாந்துக் கடலின் காட் மீனே சாட்சி. 1968-ல் அங்கே பிடிப்பு சுமார் 8 லட்சம் டன் வரை உயர்ந்தது. 1980-களில் இழுவைக் கப்பல்களின் பிடிப்பு விகிதம் நன்றாகவே காணப்பட்டது. மீன் குறைந்தபோதும் மிஞ்சியவை கூட்டமாகத் திரண்டிருந்தமையும், புதிய கருவிகள் அக்கூட்டங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தமையுமே காரணம். மீன் ஏராளம் என்று மதிப்பிட்டுப் பிடிக்க அனுமதித்தனர். 1992 ஜூலை 2-ந் தேதி அம்மீன்பிடிப்பை அடியோடு நிறுத்த நேர்ந்தது. சுமார் 30,000 பேர் பிழைப்பிழந்தனர். 2024-ம் வருஷத்திலேதான் 18,000 டன் என்னும் சிறு அளவுக்கு வியாபார மீன்பிடிப்பு மீண்டும் திறக்கப்பட்டது.

குறைத்து எழுதுவதன் கேட்டைத் தெற்கு நீலத்துடுப்புச் சூரையின் வரலாறு காட்டும். ஜாவாவுக்குத் தெற்கே இந்து மகா சமுத்திரத்தில் முட்டையிடும் இம்மீனுக்குத் தேசவாரியாக அளவு குறிக்கப்பட்டிருந்தது. 2006-ல் ஜப்பானியச் சந்தைகளில் விற்ற மீனின் அளவை ஆராய்ந்தபோது, அது பல வருஷங்களாகக் கணக்கில் காட்டப்பட்டதைவிட மிக அதிகமாயிருந்ததென்று புலப்பட்டது. ஜப்பானின் அளவு 6,065 டன்னிலிருந்து 2007 முதல் 3,000 டன்னாகக் குறைக்கப்பட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், அதுகாறும் அக்கணக்குகளை நம்பிச் செய்த ஆராய்ச்சிகளெல்லாம் சந்தேகத்துக்கு இடமானமையே.

கூட்டி எழுதுவதும் அதே குற்றமாம். உலகப் பிடிப்பு வருஷந்தோறும் உயர்வதாகக் காணப்பட்ட தோற்றத்துக்குச் சீன தேசத்துக் கணக்குகள் மிகைப்பட எழுதப்பட்டதே காரணமென்று வாட்சன், பாலி என்னும் இரு விஞ்ஞானிகள் 2001-ல் எடுத்துக்காட்டினர். உற்பத்தி உயர்ந்ததாகக் காட்டும் உள்ளூர் அதிகாரிகளுக்கே பதவி உயர்வு கிடைத்து வந்ததென்று அவர்கள் கூறினர். மேலதிகாரிக்கு மகிழ்ச்சி தரும் எண்ணை எழுதும் வழக்கம் எத்தேசத்திலும் உண்டாகக்கூடியதே.

மஞ்சள் துடுப்புச் சூரையின் வழக்கு

நம் சமுத்திரத்திலேயே அண்மையில் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். 2015-ல் செய்த ஆராய்ச்சியில் மஞ்சள் துடுப்புச் சூரையின் இருப்பு தகுந்த அளவுக்குக் கீழே போய்விட்டதென்று முடிவாயிற்று. 2016-ல் ஆணைக்குழு, பெருமளவில் பிடிக்கும் தேசங்கள் தங்கள் பிடிப்பைக் குறைக்க வேண்டுமென்று தீர்மானித்தது. பெரிய சுருக்கு வலைக் கப்பல்கள் நூற்றுக்கு 15, செவுள் வலைகளும் ஆயிரங்கால் தூண்டில்களும் நூற்றுக்கு 10, மற்றவை நூற்றுக்கு 5 என்பது அதன் அளவு. பிறகு 2024-ல் செய்த புதிய ஆராய்ச்சியில் இருப்பு மோசமாக இல்லையென்று முடிவு வந்தது. தூண்டில் கப்பல்களின் பிடிப்பு விகிதக் கணக்கைத் திருத்தி அமைத்ததே இம்மாறுதலுக்கு முக்கிய காரணம்.

கடல் அதுவே, மீனும் அதுவே, கணக்கு மாறியதும் தீர்ப்பும் மாறிற்று. இதைக்கொண்டு ஆராய்ச்சி வீணென்று சொல்லலாகாது. மீனவக் குடும்பங்களின் வரும்படி எவ்வளவு மெல்லிய ஆதாரத்தின்மேல் நிற்கின்றதென்பதையே இதனால் அறிய வேண்டும். மேலும், எந்தத் தேசம் எவ்வளவு பிடிக்கலாமென்று பங்கிடும் காலத்தில், பழைய பிடிப்பை எழுத்து மூலமாக ருசுப்படுத்தக்கூடிய தேசத்துக்கே வழக்குப் பலமாகும். நம் சிறு படகுகளின் பிடிப்பு எழுதப்படாமற் போனால், உழுத நிலத்துக்கு அடங்கலில் பெயரில்லாத குத்தகைதாரரின் கதி நம் மீனவருக்கு நேரும்.

கிராமத்தார் எழுதிய கணக்கு

இது கிராமங்களால் ஆகாத காரியமென்று எண்ண வேண்டாம். மாலத்தீவில் சூரையைக் கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகப் பிடிப்பதே தொன்றுதொட்ட வழக்கம். அங்கே தீவுதோறும் உள்ள அலுவலகத்தில், எந்தப் படகு எந்த நாளில் எத்தனை மீன் கொண்டுவந்தது என்பதைப் பெரிது, சிறிது எனப் பிரித்து எண்ணிக்கையாகக் குறித்து மேலிடத்துக்கு அனுப்பி வந்தனர். எண்ணிக்கையைச் சராசரி எடையால் பெருக்கி டன் கணக்கு ஆக்கினர். தராசு எல்லாத் தீவிலும் இல்லாத காலத்திலும் மீனை எண்ணத் தெரிந்தவர் எல்லாத் தீவிலும் இருந்தனர். இவ்வாறு 1970-ம் வருஷம் முதற்கொண்டு பிடிப்பும் முயற்சியும் சேர்ந்த கணக்கு அத்தேசத்துக்குக் கிடைத்திருக்கின்றது. பின்னர் படகுத் தலைவர்களே எழுதும் நாட்குறிப்பு முறைக்கு அவர்கள் மாறினர்.

கவனிக்க வேண்டியவை

கடற்கரைக் கிராம அதிகாரிகளும், ஊரில் செல்வாக்குள்ள நிலச்சுவான்தார்களும் மீன்வள இலாகாவின் கணக்கெடுப்புக்குக் கீழ்க்கண்டவாறு துணை செய்யலாம்.

1. ஊரிலுள்ள கட்டுமரம், வள்ளம், நாட்டுப் படகு, விசைப்படகு ஆகியவற்றின் ஜாபிதாவைச் சரியாக வைத்திருத்தல். ஓடாத படகை நீக்குவதும் புதிய படகைச் சேர்ப்பதும் உடனுக்குடன் நடைபெற வேண்டும். படகின் எண் தவறினால் பெருக்குத்தொகை முழுவதும் தவறும்.

2. கணக்கு வரிக்காக எடுக்கப்படுவதன்று என்பதை மீனவர்களுக்கு அவர்கள் நம்பும் வகையில் எடுத்துச் சொல்லுதல். தனிப்பட்ட ஒருவரின் பிடிப்பை வியாபாரிகளிடமோ பிறரிடமோ வெளியிடலாகாது. இந்நம்பிக்கை ஒருமுறை கெட்டால் மறுமுறை உண்மை கிடைக்காது.

3. ஏலம் போன மீனோடு, படகினர் கறிக்கென்று பங்கிட்டுக்கொண்ட மீனையும், நடுக்கடலில் வேறு படகுக்கு மாற்றிய மீனையும், உதவாதென்று எறிந்த மீனையும் கேட்டு எழுதச் செய்தல்.

4. புறப்பட்ட ஊரையும் மீன் இறங்கிய துறையையும் தனித்தனியே குறித்தல். கன்னியாகுமரி ஜில்லாவின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் அரபிக் கடலில் நெடுந்தூரம் சென்று, கொச்சி முதலிய வேற்றுத் துறைகளில் மீனை இறக்குவதுண்டு. அப்பிடிப்பு இரண்டிடத்தில் எழுதப்படவும் கூடாது. ஓரிடத்திலும் எழுதப்படாமற் போகவும் கூடாது.

5. அன்றையதை அன்றே எழுதுதல். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய கணக்கில் எல்லா எண்களும் ஐம்பதிலும் நூறிலும் முடிந்திருக்கும். அதைக் கண்டாலே அது வயலுக்குப் போகாமல் எழுதிய அடங்கல் போன்றதென்று அறியலாம்.

6. பார்க்கத் தவறிய நாளைப் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுதல். வெற்றிடத்தை ஆராய்ச்சியாளர் சரிக்கட்ட வழியுண்டு. கற்பித்த எண்ணைக் கண்டுபிடித்து நீக்க வழியில்லை.

விளைவு அதிகமென்றால் தீர்வை கூடுமோ என்றும், குறைவென்றால் நிவாரணம் கிடைக்குமே என்றும் எண்ணும் சபலம் வயற்காட்டிலும் உண்டு, கடற்கரையிலும் உண்டு. வயலில் ஒரு பசலி தவறாக எழுதிய விளைவை மறு பசலி திருத்திக்கொள்ளலாம். நிலம் அங்கேயே இருக்கின்றது. கடலில் அப்படியன்று. மீன் குறைந்ததென்று தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். ஆதலால் துறையில் நின்று கூடையை எண்ணும் ஒருவருடைய உண்மையான எழுத்தே, பிற்காலத்தில் அத்துறைக்குக் கூடை வருமா என்பதை நிச்சயிக்கின்றது. அவருக்கு வேண்டிய இடமும் மரியாதையும் உதவியும் அளிக்குமாறு கடற்கரைக் கிராமத்தார் யாவரும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.